கார்டு எங்கே?

காலை 7.10.

டிசைனர் பொத்தானை அழுத்தினாள். பெட்டிக்குள் விசிறிகள் சுற்றத் தொடங்கின. சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அணைத்தாள். பத்து வரை எண்ணினாள். மறுபடி அழுத்தினாள். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை கறுப்பு.

"அண்ணீ!"

அந்த அலறலுக்கு வீடே ஓடி வந்தது. வீடு என்றால் மூன்று பேர். முதலில் அண்ணி, சீருடைக்குப் பொத்தான் போட்டபடி. குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர், அலறல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடி வருவது தொழில் பழக்கம். அவளுக்குப் பின்னால் அவள் கணவர், அதாவது டிசைனரின் அண்ணன், பாதி முகம் சவர நுரையோடு. கட்டுமானக் கம்பெனி ஒன்றில் வேலை. இன்னும் எழும்பாத கட்டடத்துக்குள் நடந்து போவது போல வீடியோ செய்து காட்டுவார். கடைசியாகக் கொட்டாவி விட்டபடி இன்ஸ்பெக்டரின் தம்பி. கூரியர் அலுவலகத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் கம்ப்யூட்டர் கேம். அதில் அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'சிங்கம்'. வீட்டில் அதைக் கேலியாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது சொந்தப் பெயர் யாருக்கும் சட்டென்று வாயில் வருவதில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"திரையில ஒண்ணும் வரல அண்ணி."

"மானிட்டரை ஆன் பண்ணீங்களா?" இது சிங்கம்.

"பண்ணாம இருப்பேனா?"

அண்ணன் கதவருகிலேயே நின்றார். "ஒண்ணுமே வரலையா? கொஞ்சம்கூட?"

"சுத்தமா கறுப்பு அண்ணா."

"அது எப்படி?" என்றார். பேயறைந்தவர் போல நின்றார். கன்னத்து நுரை பனியனில் சொட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

டிசைனர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அவள் அழுவதற்குக் காரணம் இருந்தது. அன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பொம்மைக் கம்பெனிக்காரர்கள் வீடியோவில் வருகிறார்கள். அவள் வரைந்த பொம்மைப் பெட்டிகளை அவள் திரையில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நிறத்தை மாற்று, எழுத்தை நகர்த்து என்பார்கள். அங்கேயே, அவர்கள் கண்ணெதிரே மாற்றிக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் ஒரு வருடத்துப் பெட்டிகள் முழுக்க அவளுக்கு. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. பழைய வேலையை விட்டுவிட்டு, இந்த ஒரு மெஷினை நம்பி வெளியே வந்தவள் அவள்.

மெஷின் என்றால் கடையில் கட்டி வைத்திருந்ததைத் தூக்கி வந்தது அல்ல. பாகம் பாகமாக அவளே தேர்ந்தெடுத்த முதல் கம்ப்யூட்டர். அந்த நாட்களில் சாப்பாட்டு மேசையில் நினைவகம், பவர் சப்ளை, விசிறிச் சத்தம் தவிர வேறு பேச்சே கிடையாது. கண்ணாடிப் பக்கமும் கலர் விளக்கும் வைத்த பெட்டிதான் அழகு என்று சிங்கம் ஒற்றைக்காலில் நின்றான். அந்த விளக்கு கண்ணில் பட்டால் திரையின் நிறம் பொய் சொல்லும் என்று டிசைனர் நாலு பக்கமும் இரும்பாக இருந்த பெட்டியை எடுத்தாள். அறைச் சுவருக்கும் அதற்காகவே சாம்பல் நிறம் பூசியிருந்தாள். ஜெயில் மாதிரி இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர்தான் சொன்னாள், ஜெயிலைப் பார்த்தவள் என்ற உரிமையில்.

அண்ணன் ஒன்றே ஒன்றில் தலையிட்டார். "எதை வேணா வாங்கு. பிராசஸர் மட்டும் நான் சொல்றது. இதுல படம் காட்டுற பகுதி உள்ளேயே இருக்கு. நாளைக்கு உன் கிராபிக்ஸ் கார்டு மண்டையைப் போட்டாலும் திரை அணையாது" என்றார். சொல்லிவிட்டு ஒரு வாரம் அந்தப் பெருமையிலேயே திரிந்தார்.

அறைக்குள் யாராவது போயிருப்பார்களோ என்று இன்ஸ்பெக்டர் கூடத்துக்குப் போனாள். சுவரில் சாவி மாட்டும் பலகை. நான்கு கொக்கிகள். முதல் கொக்கியில் வண்டிச் சாவி, இரண்டாவதில் வீட்டுச் சாவி, மூன்றாவதில் டிசைனரின் அறைக்கு இருக்கும் மாற்றுச் சாவி. நான்காவது வெறுமையாக இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கிறது என்று திரும்பி வந்தாள்.

"கடைக்காரரைக் கூப்பிடு" என்றாள். "நான் ஸ்டேஷனுக்குச் சொல்லிக்கறேன்."

அண்ணன் மீதி முகத்தை அவசரமாக மழித்தார். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். "நான் ஆபீஸ்ல தலையைக் காட்டிட்டு ஓடி வந்துடறேன். பன்னெண்டு மணிக்குள்ள சரியாயிடும், அழாதே" என்று தங்கையின் தலையைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார். காபி ஆறிக் கிடந்தது.

காலை 8.40.

மெஷினைப் பொருத்தித் தந்த கடைக்காரர் வந்தார். காதில் பேனா செருகுவது போல ஸ்க்ரூ டிரைவர் செருகியிருப்பார். அதனால் அவருக்கு ஸ்க்ரூ என்றே பெயர். நேற்று மதியம்கூட விசிறிச் சத்தம் என்று வந்து முடுக்கிவிட்டுப் போயிருந்தார்.

"நான் போகும்போது படம் பளிச்சுனு இருந்தது மேடம். இவங்களே பார்த்தாங்க" என்று சொல்லிக்கொண்டே பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே டார்ச் அடித்தார்.

அடித்த கை அப்படியே நின்றது.

"என்ன?" என்றாள் டிசைனர்.

"கார்டு இல்ல."

"எந்தக் கார்டு?"

"கிராபிக்ஸ் கார்டும்மா. இடமே காலி."

டிசைனர் எட்டிப் பார்த்தாள். முழங்கை நீளத்துக்குக் கறுப்பாகப் படுத்திருந்த பொருள் இருந்த இடத்தில் வெறும் காற்று. மெஷினிலேயே விலை உயர்ந்த பாகம் அதுதான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பூட்டிய அறை, மூடிய பெட்டி, அதற்குள் இருந்தது எங்கே போகும்?

இன்ஸ்பெக்டருக்கும் தூக்கி வாரிப் போட்டது. ஊரெல்லாம் திருடனைத் தேடுகிறவள் வீட்டில் திருட்டு. ஆனால் அவள் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "யாரும் எதையும் தொடாதீங்க" என்றாள். மெஷினின் பின்பக்கம் குனிந்தாள்.

"கார்டை எடுத்தா பின்னாடி ஓட்டை தெரியாதா?"

"தெரியணும் மேடம்."

"தெரியலையே."

ஸ்க்ரூ குனிந்து பார்த்தார். "அட! மூடித் தகடு போட்டிருக்கான். பழைய தகடெல்லாம் அந்த அட்டைப் பெட்டியில போட்டு வெச்சிருந்தேன். தேடி எடுத்து, ஸ்க்ரூ வெச்சு முடுக்கியிருக்கான். உள்ள பாருங்க, கார்டுக்குப் போற கரன்ட் வயரைக்கூட மடிச்சுக் கட்டியிருக்கான்."

"மானிட்டர் வயர்?"

"அது கார்டுல, கீழ் துளையில நான் சொருகினது. இப்ப மேல, மதர்போர்டுத் துளையில இருக்கு."

"தானா ஏறாது இல்ல?"

"அதுக்கென்ன காலா இருக்கு மேடம்."

இன்ஸ்பெக்டர் அந்த வயரை இழுத்துப் பார்த்தாள். அழுத்தமாகச் சொருகப்பட்டிருந்தது. கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் வயரைத் தொங்கவிட்டுப் போவான். இவன் நின்று நிதானமாகச் சொருகியிருக்கிறான். ஏன்? அந்தக் கேள்வியை அவள் மனதில் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டாள்.

காலை 9.15. விசாரணை சமையலறையில் நடந்தது. வேறு இடம் இல்லை.

முதலில் டிசைனர்.

"கடைசியா எப்போ படம் பார்த்த?"

"நேத்து ரெண்டரைக்கு. அவர் விசிறியை முடுக்கினதும். அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கிளம்பினோம். அவர் கடைக்கு, நான் அச்சகத்துக்கு. மாதிரித் தாள்ல நிறம் பார்க்கணும்னு."

"ரூம்?"

"பூட்டிட்டுத்தான் போனேன். ஏழு மணிக்கு வந்தேன். அசதியா இருந்தது, தொடவே இல்ல."

"வீட்ல அப்போ யாரு?"

"சிங்கம் மட்டும். அண்ணன் எனக்கு அப்புறம் வந்தார். நீங்க ஒன்பதுக்கு."

அடுத்து ஸ்க்ரூ.

"நேத்து மூணு மணியிலிருந்து எங்கே இருந்தீங்க?"

"கடையில மேடம். சாத்துற வரைக்கும் ஆள் மாத்தி ஆள். கேமரா இருக்கு, பாருங்க."

"இந்தக் கார்டு விலை தெரிஞ்சவர் நீங்க. கழற்றத் தெரிஞ்சவரும் நீங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு ரோஷம் வந்தது. "என்னைப் பார்த்தா ஏமாத்துறவன் மாதிரியா இருக்கு? இவங்க கடைக்கு வந்தப்ப விலை குறைவான பிராசஸர் போதும்னு சொன்னதே நான்தான். காசு பிடுங்கறவன் அப்படிச் சொல்வானா?"

"உண்மைதான் அண்ணி" என்றாள் டிசைனர் வாசலிலிருந்து. "அதுல மிஞ்சினதுலதான் நல்ல மானிட்டர் வாங்கினேன். சிங்கமும் பக்கத்துலதான் இருந்தார்."

மூன்றாவது சிங்கம். தன் தம்பியை எதிரே உட்கார வைத்து விசாரிக்கும் நாள் வரும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்ததில்லை. அந்தக் கார்டின் அட்டைப் பெட்டியைக்கூட அவன் மடியில் வைத்துத் தடவிக் கொடுத்ததை வீடே பார்த்திருக்கிறது.

"நேத்து எங்கேடா இருந்த?"

"அஞ்சு மணிக்கு வந்தேன் அக்கா. இங்கதான்."

"தனியா?"

"தனியாத்தான்."

"அந்த ரூமுக்குள்ள போனியா?"

அவன் நகத்தைச் சுரண்டினான்.

"போனியா இல்லையா?"

"போனேன்." குரல் உள்ளே போய்விட்டது. "கொக்கியில சாவி இருந்தது. சும்மா அந்த நாற்காலியில உட்கார்ந்து பார்த்தேன். ஆன் பண்ணல. சத்தியமா பண்ணல. தொடமாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்."

"உன் மெஷினைத் திற."

"அக்கா!"

"திற."

திறந்தார்கள். உள்ளே அவனுடைய பழைய கார்டு, ஒரு விரல் தூசியோடு. வேறு எதுவும் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் இல்லை. சிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சொந்தத் தம்பியைப் போய் இப்படி" என்று மட்டும் சொன்னான். டிசைனருக்கு அவனைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

மணி பத்தைத் தாண்டிவிட்டது. வேறு கார்டு தேடி எந்தக் கடைக்கு ஓடினாலும் வாங்கி வந்து மாட்டுவதற்குள் பன்னிரண்டு ஆகிவிடும் என்றார் ஸ்க்ரூ. இன்ஸ்பெக்டர் மறுபடி சாம்பல் அறைக்குள் போனாள். மெஷினின் பின்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். மேல் துளையில் சொருகியிருந்த வயரைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஸ்க்ரூ, இதை மேல சொருகினா படம் வருமா?"

"இதுல வராது."

"'இதுல' வராதுன்னா? எதுல வரும்?"

"பிராசஸருக்குள்ளேயே படம் காட்டுற பகுதி இருந்தா வரும். கார்டு அளவுக்கு வேகம் இருக்காது, ஆனா திரை எரியும். சில பேருக்கு கார்டு இல்லைன்னு தெரியக்கூடத் தெரியாது."

"இந்தப் பிராசஸர்ல அந்தப் பகுதி இல்லையா?"

"அதனாலதானே மேடம் விலை குறைவு! தனியா கார்டு வாங்குறாங்க, அது எதுக்கு தண்டத்துக்குன்னு நான்தான் மாத்தச் சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்துகொள்ளவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. டிசைனருக்குப் பயமாகிவிட்டது.

"என்ன அண்ணி?"

"எடுத்தவர் வீட்டைக் கொள்ளையடிக்க வரல" என்றாள் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "பின்னாடி ஓட்டையை மூடியிருக்கார். வயரை மேல சொருகியிருக்கார். நீ காலையில வந்து பொத்தானை அழுத்தணும், திரை எரியணும், கார்டு போனதே உனக்குத் தெரியக் கூடாது. அதுதான் அவரோட திட்டம். ஆனா திரை எரியல. ஏன்?"

"பிராசஸர் வேற" என்றான் சிங்கம்.

"அவர் வேற பிராசஸர் உள்ள இருக்குன்னு நினைச்சார். கடையில மாத்தினது அவருக்குத் தெரியாது. மாத்தினது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, ஸ்க்ரூவுக்கு, சிங்கத்துக்கு."

"ஏன் வீட்ல சொல்லல?"

டிசைனர் தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணன் ஆசையா தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. வேண்டாம்னு மாத்திட்டேன்னு தெரிஞ்சா மனசு நோகும். அதான் வீட்ல சொல்லாதீங்கன்னு சிங்கத்துகிட்டயும் சொல்லிட்டேன்."

"அப்போ இந்த வீட்ல அது தெரியாதவங்க ரெண்டே பேர்" என்றாள் இன்ஸ்பெக்டர். "ஒருத்தி நான்."

காலையில் பாதி நுரையோடு நின்ற முகம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் என்ன ஆச்சு, மானிட்டர் ஆனில் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர் மட்டும்தான் 'ஒண்ணுமே வரலையா' என்று கேட்டார். கொஞ்சமாவது வர வேண்டும் என்று எதிர்பார்த்தவர் கேட்கும் கேள்வி அது.

"இருக்காது அண்ணி" என்றாள் டிசைனர். "அண்ணனா? எனக்கா?"

காலை 10.50. வாசலில் செருப்புச் சத்தம்.

அண்ணன் மூச்சு வாங்க உள்ளே வந்தார். தோளில் பை. எல்லோரும் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் கூடத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் அவருக்கு நேர் எதிரே வந்தாள். எத்தனையோ பேரைக் கேட்ட அதே குரலில், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கார்டு எங்கே?"

அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. சட்டையில் எதையோ தேடியது. அங்கே ஒன்றும் இல்லை.

"திருப்பிக் கொடுத்துட்டேன்" என்றார்.

"யார்கிட்ட?"

"ஆபீஸ்லதான். மூணு வாரமாச்சு."

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. மூன்று வாரத்துக்கு முன் அந்த மெஷினே இந்த வீட்டுக்கு வரவில்லை. பிறகு அவள் பார்வை அவர் கழுத்துக்குப் போனது. தினமும் நீல நாடாவில் தொங்கும் அலுவலக அடையாளக் கார்டு அங்கே இல்லை. திரும்பிச் சுவரைப் பார்த்தாள். ராத்திரியில் அது தொங்கும் நான்காவது கொக்கி. காலையில், அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோதே, காலியாக இருந்த கொக்கி. பார்த்தாள். பார்த்துவிட்டு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்று திரும்பினாள்.

"வேலை போயிடுச்சா?" அவள் குரல் இன்ஸ்பெக்டர் குரலாக இல்லை.

அவர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "நீ அந்தக் கார்டையா கேட்ட?" என்றார். உடனே பையைத் திறந்தார். துண்டில் சுற்றி, அதன் மேல் காற்றுக் குமிழ்த் தாள் சுற்றி, பச்சைக் குழந்தையைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் ஸ்க்ரூவிடம் நீட்டினார். ஸ்க்ரூ வாங்கிக்கொண்டு அறைக்குள் ஓடினார்.

மற்றதை அவர் நின்றபடியே சொன்னார். ஆபீசில் பாதிப் பேரை ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டார்கள். புதிய கம்பெனி ஒன்று சோதனைக்காக ஒரு வீடியோ கேட்டிருக்கிறது, இன்று மாலைக்குள். நண்பன் கடை மாடியில் இருக்கும் மெஷினில்தான் இத்தனை நாளும் செய்துகொண்டிருந்தார். முந்தாநாள் அதன் கார்டு எரிந்துவிட்டது.

"ஒரு ராத்திரிக்குத்தான்னு நினைச்சேன்" என்றார் தங்கையிடம். "நேத்து மூணு மணிக்கு வந்து, மாத்துச் சாவியால திறந்து எடுத்துட்டுப் போனேன். உனக்கு அட்டைப் பெட்டி மேல போடுற படம்தானே, பிராசஸரே தாங்கும், கொஞ்சம் மெதுவா இருக்கும், அவ்வளவுதான்னு நினைச்சேன். காலையில கறுப்புன்னு சொன்ன பார்... எனக்கு உயிரே போயிடுச்சு."

"கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேனா அண்ணா?"

"எதுக்குன்னு கேட்டிருப்பியே."

டிசைனருக்குக் கோபம் வந்தது. ஆனால் பிராசஸரை மாற்றியதை மறைத்தவளும் அவள்தான். அவள் சொல்லியிருந்தால் அவர் கார்டைத் தொட்டிருக்கவே மாட்டார். "என்மேலயும்தான் தப்பு" என்றாள் கடைசியில், பாதி அழுகையாக.

உள்ளேயிருந்து ஸ்க்ரூ கத்தினார். "வந்துடுச்சும்மா!"

பன்னிரண்டு மணிக்குப் பொம்மைக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பெட்டியில் வரைந்திருந்த யானையின் காதை இன்னும் பெரிதாக்கச் சொன்னார்கள், ஆக்கினாள். மஞ்சளைச் சற்று மாம்பழப் பக்கமாக நகர்த்தச் சொன்னார்கள், நகர்த்தினாள். பெட்டி அவள் விரலுக்கு ஏற்பத் திரையில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. அண்ணன் மூடிய கதவுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றார். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"கிடைச்சிடுச்சு" என்றாள் டிசைனர். சிங்கம் விசில் அடித்தான். அவள் அண்ணனைப் பார்த்தாள். "உன் வீடியோ எவ்வளவு பாக்கி?"

"கடைசித் தளம் மட்டும்."

"பென்டிரைவ் இருக்கா?"

அவர் பையைத் தொட்டார்.

"இங்கேயே முடி. சாயந்தரம் வரைக்கும் எனக்கு மெஷின் வேண்டாம். வயரை மட்டும் தொடாதே."

அவர் உள்ளே நுழையும்போது இன்ஸ்பெக்டர் கையைப் பிடித்து நிறுத்தினாள். மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று அவள் கவலைப்படவில்லை. அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"தினம் காலையில டிபன் பாக்ஸைக் கட்டி உங்க கையில கொடுத்தேன்" என்றாள். "நீங்க வாங்கிட்டுப் போனீங்க."

"போனேன்."

"இன்னைக்கு எல்லாரையும் கேட்டேன், நேத்து எங்கே இருந்தீங்கன்னு. ஸ்க்ரூவைக் கேட்டேன். சொந்தத் தம்பியை அழ வெச்சுக் கேட்டேன். உங்களை மட்டும் கேட்கல. நேத்து மட்டுமில்ல, மூணு வாரமாவே கேட்கல."

அவள் ஸ்டேஷனுக்கு போன் செய்து, இன்று வரவில்லை என்றாள். பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து அந்த மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"வேலையைப் பாருங்க. பார்த்துக்கிட்டே சொல்லுங்க. முதல் நாள் எங்கே போனீங்க?"